மூலம் என்று எழுதுமுன்

"சிஸ்டர், வெளிக்கி போகும்போ ரத்தம் போவுது. பழைய மூலக்குருதான். அதுக்கு ஒரு மாத்திரை தாங்க."

குமரி மாவட்டத்தில் எந்த ஓ.பி.யில் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். நோயின் அறிகுறி, அதற்கான பெயர், கேட்கும் மருந்து மூன்றும் அதிலேயே இருக்கின்றன. நோயாளியே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறார். செவிலியருக்கு மிச்சம் வைத்திருப்பது சீட்டில் எழுதுகிற வேலை மட்டும். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பற்றி ஒரு செவிலியருக்கு எவ்வளவு தெரியும் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய வினாத்தாள் தேவையில்லை. இந்த வாக்கியத்தைக் கேட்ட அடுத்த நொடியில் அவர் பேனாவை எடுக்கிறாரா, கேள்வி கேட்கிறாரா என்று பார்த்தால் போதும்.

சீட்டு வாங்க வருமுன்பே அந்த மனிதர் நிறையச் செய்து பார்த்திருப்பார். துத்தி இலையைச் சின்ன வெங்காயத்தோடு வதக்கித் தின்றிருப்பார். கருணைக்கிழங்கு, மோர், எண்ணெய்க் குளியல் எல்லாம் முடிந்திருக்கும். "சூடு" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மெடிக்கல் ஸ்டோரில் ஒரு களிம்பும் வாங்கியாகியிருக்கும். இதில் எதையும் கேலி செய்யத் தேவையில்லை. ரத்தம் போகிறது என்று வருகிற பெரும்பாலானோருக்கு உண்மையிலேயே மூலம்தான், அல்லது ஆசனவாய் வெடிப்புதான். சிக்கல் என்னவென்றால், இந்த வைத்தியங்களிலேயே ஆறேழு மாதம் ஓடிவிட்டிருக்கும்.

இன்னொரு பழைய கணக்கும் இங்கே உண்டு. ஒரு காலத்தில் தென் திருவிதாங்கூர், அதாவது இன்றைய குமரி மாவட்டப் பகுதி, குடல்புண்ணுக்குப் பேர்போன வட்டாரம். 1922 எவரெஸ்ட் பயணத்துக்குப் பிறகு நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த அறுவை மருத்துவர் சோமர்வெல், இந்தப் புண்ணுக்காக இங்கே ஏராளமான அறுவை செய்தார். அந்த நினைவு இன்னும் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொப்புளுக்கு மேலே எது வலித்தாலும் "அல்சர்", கீழே எதில் ரத்தம் வந்தாலும் "மூலக்குரு". இரண்டு பெயருக்குள் முழு வயிறும் அடங்கிவிடுகிறது. பெருங்குடலுக்கு மூன்றாவதாக ஒரு பெயர் நம் பேச்சில் இல்லை.

சரி, என்ன கேட்பது? ரத்தம் எப்படி வருகிறது என்பதுதான் முதலில். மலம் கழித்து முடித்ததும் சொட்டுச் சொட்டாகவோ பீய்ச்சியோ தனியாக வருகிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா, சளி போல ஏதாவது சேர்ந்து வருகிறதா? மூலத்தில் பெரும்பாலும் கடைசியில், தனியாக, நல்ல சிவப்பாக வரும். வலி இருக்காது. வெடிப்பென்றால் கத்தியால் கீறுவது போல வலிக்கும். கலந்து வருகிற ரத்தமும் சளியும் வேறு பக்கம் கை காட்டுகின்றன.

அடுத்த கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, அதிகம் விடுபடுவதும் அதுதான்: "போயிட்டு வந்த பிறகும் இன்னும் உள்ளே இருக்கிற மாதிரியே தோணுதா?" மலக்குடலில் கட்டி இருந்தால் குடல் அதையும் மலம் என்றே நினைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப முக்கச் சொல்லும். உட்கார்ந்தால் கொஞ்சம் சளியும் ரத்தமும்தான் வரும். இதை நோயாளிகள் "வயிற்றுப்போக்கு" என்று சொல்லிவிடுவார்கள், நாமும் அப்படியே எழுதிக்கொள்வோம். "ஒரு நாளைக்கு எட்டுத் தடவை" என்று ஒருவர் சொன்னால், எட்டுத் தடவையும் மலம் போகிறதா என்று கேட்டாக வேண்டும். பிறகு, எத்தனை வாரமாக இந்த மாற்றம், தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருக்கிறதா, மலம் முன்னைவிட மெலிந்து வருகிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா. எடையைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பேன்ட் இடுப்பில் நிற்கிறதா, ரவிக்கை தொளதொளவென்று இருக்கிறதா என்று கேட்டால் பதில் உடனே வரும்.

இத்தனை கேள்விக்கும் மூன்று நிமிடம் ஆகும். கூட்டம் நெருக்கும் ஓ.பி.யில் மூன்று நிமிடம் சின்ன விஷயமில்லைதான். ஆனாலும் எல்லோரிடமும் கேட்கச் சொல்லவில்லை. ரத்தம் என்று சொல்கிறவரிடம் மட்டும் கேட்டால் போதும்.

விரல் எட்டும் தூரம்

நம் நாட்டில் இந்தப் புற்றுநோய் மலக்குடலில் வருவது கணிசம். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கிற கட்டி ஆசனவாய் வழியாக விரலை விட்டுப் பார்த்தாலே தட்டுப்படும். விரல் ஏழெட்டு சென்டிமீட்டர் வரை எட்டும். கையுறை, மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஜெல்லி கொஞ்சம், ஒரு திரை, இரண்டு நிமிடம், அவ்வளவுதான் செலவு. ஆனாலும் பரிசோதனை நடப்பதில்லை. மருத்துவருக்கு அறிவு போதாததால் இது நிற்கிறது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் திரை இல்லாததால் நிற்கிறது. ஜெல்லி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாததால் நிற்கிறது. வந்திருப்பது ஒரு பெண், கூட நிற்க ஆளில்லை என்பதால் நிற்கிறது. இந்த மூன்றும் செவிலியர் கையில் உள்ளவை. இடப்பக்கமாகப் படுக்கவைத்து, முழங்கால்களை நெஞ்சோடு சேர்க்கச் சொல்லி, இடுப்பைக் கட்டிலின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, "மலம் போகிற மாதிரி லேசா முக்குங்க, விரல் ஈஸியா போகும், வலிக்காது" என்று முன்கூட்டியே சொல்லி, எல்லாம் தயாராக இருக்கிறது என்று மருத்துவரிடம் சொன்னால் அவர் மறுப்பது அரிது.

பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உள்மூலம் சாதாரணமாக விரலுக்குத் தட்டுப்படாது. அது மெத்தென்ற ரத்தநாளத் திண்டு, அழுத்தினால் அமுங்கிவிடும். அதைப் பார்க்கப் புராக்டோஸ்கோப் என்னும் சிறு குழல் வேண்டும். கெட்டியாக, மேடுபள்ளமாக, அசையாமல் ஏதாவது தட்டுப்பட்டால் அதை மூலம் என்று எழுதக் கூடாது. கையுறையை வெளியே எடுத்ததும் விரல் நுனியைப் பார்ப்பதும் பரிசோதனையின் பகுதிதான். ரத்தமா, கறுப்பா, சளியா என்று பார்த்து எழுத வேண்டும்.

மூலம் இருப்பது நிரூபணமாகிவிட்டாலும் கதை அங்கே முடிவதில்லை. ஒரே ஆளுக்கு மூலமும் இருக்கலாம், அதற்கு மேலே பத்து சென்டிமீட்டரில் கட்டியும் இருக்கலாம். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதிதாக ரத்தம் வந்தால், மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் குடலை ஒருமுறை பார்த்துவிடுவதே சரி. வயது குறைந்தவர்களிடமும் அசட்டையாக இருக்க முடியாது. இந்தியாவில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உள்ளவர்களுக்கு மலக்குடல் புற்றுநோய் வருவது மருத்துவர்களுக்குப் பழகிய காட்சிதான். "இந்த வயசுல அதெல்லாம் வராது" என்று யாரும் ஆறுதல் சொல்லக் கூடாது, செவிலியர் சொல்லவே கூடாது.

ரத்தமே தெரியாமல்

ரத்தம் கண்ணில் படுகிறவர்கள் ஒருவகையில் அதிர்ஷ்டசாலிகள். பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி வந்தால் பெரும்பாலும் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. அங்கே குடல் அகலமானது. மலமும் இன்னும் தண்ணீராகவே இருக்கும். அதனால் அடைப்பு சீக்கிரம் ஏற்படாது. கசிகிற ரத்தம் மலத்தோடு கரைந்து மறைந்துவிடும். வெளியே தெரிவது பல நேரம் சோகை ஒன்றுதான்.

ஐம்பத்தைந்து வயதுப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் தோட்டத்துச் சரிவில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 8. இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். மூன்று மாதத்தில் 9.5 ஆகிறது. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி இறங்குகிறது. மறுபடி மாத்திரை. இந்தச் சுற்று இரண்டு வருடம்கூட ஓடும். ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் "சோகை, மாத்திரை வழங்கப்பட்டது" என்று சரியாகவே எழுதப்பட்டிருக்கும். ரத்தம் ஏன் குறைகிறது என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

ஆணுக்கு எந்த வயதில் இரும்புச்சத்துக் குறைபாட்டுச் சோகை வந்தாலும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வந்தாலும், வேறு தெளிவான காரணம் இல்லையென்றால் குடலில் எங்கோ கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டிய நிலை அது. தோட்டப் பகுதிகளில் கொக்கிப்புழுவும் உண்மையான காரணம்தான். அல்பெண்டசோல் கொடுப்பது சரி. ஆனால் புழு மாத்திரை கொடுத்தாயிற்று என்பது விசாரணையை மூடிவிடக் காரணமாகாது. சோகை என்றாலே கர்ப்பிணி, வளரிளம் பெண் என்றுதான் நம் பயிற்சியும் பதிவேடுகளும் பழக்கியிருக்கின்றன. ஐம்பத்தைந்து வயது ஆணின் சோகைக்கு அந்தப் பதிவேட்டில் தனியாக ஒரு கட்டம்கூட இருக்காது.

இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். அதனால் வருகிற இன்னொரு குழப்பம்: குடல் மேற்பகுதி ரத்தக்கசிவிலும் மலம் கறுக்கும். மாத்திரைக் கறுப்பு பச்சை கலந்தது, மலம் உருவத்தோடு இருக்கும். ரத்தக் கறுப்பு தார் போலப் பளபளக்கும், பிசுபிசுக்கும், நாற்றம் அறையை விட்டுப் போகாது. ஒருமுறை முகர்ந்த செவிலியர் மறக்கமாட்டார்.

கடைசியிலிருந்து படித்த பாடம்

செவிலியருக்கு இந்த நோய் தெரியாது என்று சொன்னால் தப்பு. நர்சிங் படித்த யாரிடம் கேட்டாலும் கொலோஸ்டமி (குடலை வயிற்றில் திறந்து பை பொருத்துவது) பராமரிப்பு ஒப்பிப்பார்கள். ஸ்டோமா என்னும் அந்தத் திறப்பு ரோஸ் நிறத்தில், ஈரமாக இருக்க வேண்டும், கறுத்தால் உடனே சொல்ல வேண்டும், பையின் துளையை ஸ்டோமாவைவிடச் சில மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்ட வேண்டும், மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். எல்லாம் தெரியும். அதாவது வயிற்றில் பை வந்த பிறகு என்ன செய்வது என்பது மனப்பாடம். பை வராமல் தடுக்கிற பத்து வருட இடைவெளி பாடத்தில் ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது.

அந்தப் பத்து வருடம் உண்மையானது. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் அடினோமா என்னும் சிறு பாலிப்பாக, குடல் சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சியாகத் தொடங்கி, மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டு, பத்து வருடம் போல எடுத்துக்கொண்டுதான் புற்றாகின்றன. 1990-ல் ஃபியரோனும் வோகல்ஸ்டைனும் இந்தப் படிவரிசையை எழுதிக் காட்டினார்கள். பாலிப்பாக இருக்கும்போதே கொலோனோஸ்கோப்பியில், அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும்போது, கண்ணி போட்டு அறுத்து எடுத்துவிடலாம். மார்பகத்தில் ஸ்கிரீனிங் என்றால் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது. இங்கே நோயே வராமல் செய்யவும் முடியும். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

செவிலியர் அறிவை அளக்கிற ஆய்வு வினாத்தாள்களில் வழக்கமாக ஆபத்துக் காரணிகள், அறிகுறிகள், பரிசோதனைப் பெயர்கள், தொடங்கும் வயது என்று வரிசையாகக் கேட்பார்கள். சிவப்பு இறைச்சி, பதப்படுத்திய இறைச்சி, மது, புகை, உடல் பருமன், அசையாத வாழ்க்கை என்று டிக் அடித்தால் மதிப்பெண் வந்துவிடும். (மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் அந்தப் பட்டியலில் இல்லை, கேட்கிறவர்களுக்குத் தைரியமாகச் சொல்லலாம்.) ஆனால், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் சோதனையைப் பற்றி, "மலப் பரிசோதனை பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற ஒரு கேள்விக்கு வருகிற பதிலில்தான் விஷயம் இருக்கிறது. "இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று எழுதியவர் மற்ற கேள்விகளில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் இதில் தோற்றுவிட்டார்.

சிவப்பு இறைச்சிக்கும் பெருங்குடலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முக்கிய ஆய்வுகளில் ஒன்று செவிலியர்களைப் பற்றியது. அமெரிக்காவில் 1976-ல் 1,21,700 பெண் செவிலியர்களைச் சேர்த்துத் தொடங்கிய நீண்டகால ஆய்வு அது. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை இரவுப் பணி பார்த்தார்கள் என்று பல பத்தாண்டுகள் எழுதிவைத்தார்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் மாதம் மூன்று இரவாவது பணி செய்தவர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் கூடுதலாக வந்தது என்று 2003-ல் அதிலிருந்தே ஒரு முடிவு வந்தது. இரவுப் பணி மட்டுமே காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் உலகத்துக்கு இந்த நோயைப் பற்றிப் பாடம் கொடுத்ததில் செவிலியர் உடம்புகளுக்குப் பங்குண்டு.

திட்டத்தில் இல்லாத நோய்

2023-ல் தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கிய நான்கு மாவட்டங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. வாய், மார்பகம், கருப்பை வாய் என மூன்று புற்றுகளுக்கான திட்டம் அது. தேசியத் திட்டமும் இந்த மூன்றைத்தான் சொல்கிறது. பெருங்குடல் அதில் இல்லை. மேற்கத்திய நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே இந்த நோய் குறைவு. எல்லோருக்கும் பரிசோதனை வைத்தால் அதற்குப் பின் தேவைப்படும் கொலோனோஸ்கோப்பிகளை யார் செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. அந்த முடிவில் நியாயம் உண்டு. அதனால் இங்கே செவிலியர் செய்ய வேண்டியது ஊர் முழுக்க மலக்குப்பி விநியோகிப்பது இல்லை. அறிகுறி உள்ளவரைத் தவறவிடாமல் இருப்பது, குடும்பத்தில் நோய் உள்ளவரைத் தேடிப் பிடிப்பது, தானாகக் கேட்டு வருகிறவருக்குச் சரியான வழி காட்டுவது, இந்த மூன்றுதான்.

குடும்ப வரலாறு கேட்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. "வீட்ல யாருக்காவது கேன்சர் இருக்கா?" என்று கேட்டால் "அய்யோ, அப்படி ஒண்ணும் இல்லை" என்றுதான் பதில் வரும். அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே பயம். அதற்குப் பதில், "அப்பா அம்மா கூடப்பிறந்தவங்கள்ல யாராவது வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்காங்களா? யாரையாவது திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குக் கொண்டு போயிருக்கீங்களா?" என்று கேட்டால் பதில் வந்துவிடும். ஆர்.சி.சி. என்றால் மண்டலப் புற்றுநோய் மையம். இந்த மாவட்டத்தில் அந்த மூன்றெழுத்தே ஒரு நோயின் பெயர் மாதிரி. அடுத்து அவருக்கு அப்போது என்ன வயது என்று கேட்டு எழுத வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு அறுபது வயதுக்குள் வந்திருந்தால், நாற்பது வயதில் அல்லது அவருக்கு வந்த வயதைவிடப் பத்து வருடம் முன்னால், இரண்டில் எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோப்பி தொடங்க வேண்டும். அண்ணனுக்கு 44-ல் வந்தது என்றால் தம்பிக்கு 34-ல். லிஞ்ச் நோய்க்குறி என்னும் பரம்பரைக் கோளாறு உள்ள குடும்பங்களில் கருப்பை, சினைப்பைப் புற்றும் சேர்ந்து வரும். எனவே "அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்தது" என்ற தகவலையும் ஏன் எடுத்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குடும்பங்களில் இருபது, இருபத்தைந்து வயதிலேயே பரிசோதனை தொடங்கும். குடல் முழுக்க நூற்றுக்கணக்கில் பாலிப் வரும் இன்னொரு பரம்பரை நோய்க்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே.

சாதாரண ஆபத்து உள்ளவர்களுக்கு அமெரிக்க வழிகாட்டுதல் 2021-ல் தொடங்கும் வயதை 50-லிருந்து 45 ஆக்கியது. 75 வரை. மலப் பரிசோதனை என்றால் வருடத்துக்கு ஒன்று, கொலோனோஸ்கோப்பி சுத்தமாக இருந்தால் பத்து வருடத்துக்கு ஒன்று.

குப்பிக்குள் போவது எது

"ஸ்டூல் ஆக்கல்ட் பிளட்" என்று சீட்டில் எழுதினால், லேப் என்ன செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே பெயரில் இரண்டு வேறு சோதனைகள் நடக்கின்றன.

பழையது குவையாக். ரத்தத்தில் உள்ள ஹீம், பெராக்சைடோடு சேர்ந்து அட்டையை நீலமாக்கும். அந்த ஹீம் யாருடையது என்று அதற்குத் தெரியாது. நேற்றுத் தின்ற மாட்டிறைச்சியும் நீலமாக்கும். பச்சை முள்ளங்கி போன்றவற்றில் உள்ள நொதியும் நீலமாக்கும். வைட்டமின் சி தினம் 250 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் இருக்கிற ரத்தத்தையும் மறைத்துவிடும். ஆகவே மூன்று நாள் பத்தியம், ஒரு வாரம் வலி மாத்திரை நிறுத்தம், மூன்று தனித்தனி மலத்தில் மாதிரி என்று நிபந்தனைகள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவரை, மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தச் சொல்லவே கூடாது. இவ்வளவு குறை இருந்தும், மின்னசோட்டாவில் 46,551 பேரிடம் நடந்த ஆய்வில் வருடாந்திர குவையாக் சோதனை இந்தப் புற்றால் வரும் இறப்பை 33 சதவீதம் குறைத்தது என்று 1993-ல் தெரிந்தது.

புதியது ஃபிட் (FIT). மனித ஹீமோகுளோபினில் உள்ள குளோபின் புரதத்தை எதிர்ப்பொருள் கொண்டு பிடிக்கும். பத்தியம் வேண்டாம். மீன் தின்னலாம், இறைச்சி தின்னலாம். இரைப்பையிலோ சிறுகுடலிலோ கசிகிற ரத்தத்தின் குளோபின் வழியிலேயே செரித்துவிடுவதால், ஃபிட் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் பெருங்குடலைத்தான் குறிக்கும். ஒரே தடவை செய்தால் ஐந்து புற்றில் நான்கு போலப் பிடிக்கும். ஒன்று தப்பும். அதனால்தான் வருடாவருடம்.

மாதிரி எடுக்கும் இடத்தில்தான் பாதித் தவறு நடக்கிறது. குப்பியோடு வரும் படத்தில் மேல்நாட்டுக் கழிவறை இருக்கும். நம் வீட்டில் இருப்பது குந்தி உட்காரும் பேசின், அதில் தண்ணீர். தண்ணீரில் விழுந்த மலத்திலிருந்து ஹீமோகுளோபின் கழுவிப் போய்விடும். எனவே பேசின் மேல் பழைய செய்தித்தாளோ பிளாஸ்டிக் தாளோ விரித்து, முதலில் சிறுநீரை முடித்துக்கொண்டு, பிறகு அதன் மேல் போகச் சொல்ல வேண்டும். குப்பி மூடியில் உள்ள குச்சியின் நுனியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். மலத்தின் மேற்பரப்பில் ஐந்தாறு இடங்களில் அதைச் சுரண்ட வேண்டும், ஏனென்றால் ரத்தம் ஒரே சீராகப் பரவி இருக்காது. பள்ளம் நிறைந்தால் போதும். "கொஞ்சமா இருக்கே" என்று கரண்டியால் அள்ளி அடைத்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அளவு கெட்டால் கணக்கும் கெடும். மாதவிடாய் முடிந்து மூன்று நாள் கழித்து எடுக்கலாம். மூலத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குத் தெரிந்து வடிகிற நாளில் வேண்டாம். விரல் பரிசோதனையில் கையுறையில் ஒட்டியதை மாதிரியாக அனுப்பக் கூடாது.

அடுத்தது வெயில். ஹீமோகுளோபின் சூட்டில் சிதைந்துவிடும். இத்தாலியில்கூடக் கோடையில் ஃபிட் பாசிட்டிவ் குறைந்தது என்று கண்டார்கள். நம் ஏப்ரலைச் சொல்லவா வேண்டும்? பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து வருகிற குப்பி, பஸ் ஜன்னலோரப் பையில் இரண்டு மணி நேரம் வெந்து, லேப் மேசையில் மறுநாள் வரை கிடந்தால், நெகட்டிவ் என்று வருவதற்கு அர்த்தமில்லை. எடுத்த அன்றே கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். தடுப்பூசிக்கு வைத்திருக்கும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. குப்பியில் எடுத்த தேதியும் நேரமும் எழுதாவிட்டால் லேபுக்கு எதுவும் தெரியாது.

ஃபிட்டையே உடனடி அட்டையில் செய்தால் நேரம் முக்கியம். பெரும்பாலான அட்டைகளை ஐந்து நிமிடத்தில் படிக்க வேண்டும். உறைமேல் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. அரைமணி கழித்து வந்து பார்த்தால் மங்கலாக ஒரு கோடு தோன்றும், அது செல்லாது. அட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் கோடு வராவிட்டால் அட்டை வீண். ரத்தம் மிக மிக அதிகமாக இருந்தாலும் சோதனைக் கோடு வராமல் போவதுண்டு. எதிர்ப்பொருள் மூழ்கிவிடும். சிவப்பாகத் தெரிகிற மலத்துக்கு அட்டை எதற்கு?

அட்டை எதற்கு என்ற இந்தக் கேள்வியை அறிகுறி உள்ள எல்லோருக்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். விரலுக்குக் கட்டி தட்டுப்பட்டவருக்கு, ரத்தம் கலந்து போகிறவருக்கு, "முதல்ல மலத்தை டெஸ்ட் பண்ணுவோம்" என்று ஒரு வாரம் தள்ளி, நெகட்டிவ் வந்ததும் அனுப்பிவிடுவது நடக்கிற தவறுகளில் மோசமானது.

ஃபிட் பாசிட்டிவ் வந்தவருக்கு அடுத்தது கொலோனோஸ்கோப்பிதான். மறுபடி ஃபிட் இல்லை. அடினோமா தினமும் கசிவதில்லை, இரண்டாவது சோதனை நெகட்டிவ் வந்துவிட்டால் நல்ல செய்தி என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் முற்றிய நோயாகக் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. பாசிட்டிவ் என்றால் புற்று என்றும் அர்த்தமில்லை. பெரும்பாலோருக்கு இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

இரண்டு லிட்டர்

கொலோனோஸ்கோப்பி கெடுவது பெரும்பாலும் முந்தைய இரவில், நோயாளியின் வீட்டில். குடல் சுத்தமில்லை என்றால் பாலிப் மறைந்துவிடும், இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். நாகர்கோவில் வந்து திரும்பியவர் இரண்டாம் முறை வருவது சந்தேகம்.

முந்தைய நாள் நார்ச்சக்கை இல்லாத உணவு என்பதை நம் ஊர்ச் சமையலில் சொல்ல வேண்டும். சம்பா அரிசிச் சோறு, பயறு, கீரை, துவரன், அவியல், தேங்காய்ப்பூ போட்ட எதுவும், கொய்யா, தக்காளி விதை எல்லாம் வேண்டாம். தேங்காய்ப்பூ ஸ்கோப்பின் உறிஞ்சுகுழலை அடைத்துவிடும். வெள்ளை அரிசிச் சோறு, இட்லி, முட்டை, முள் நீக்கிய மீன் ஆகும். மாலைக்கு மேல் தெளிவான திரவம் மட்டும்: கட்டன் சாயா, கட்டன் காப்பி, இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு. டம்ளருக்கு அந்தப் பக்கம் தெரியாத எதுவும் வேண்டாம் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பால் சாயாவும் அக்கானியும் (பதநீர்) அதில் அடிபட்டுப் போகும். சிவப்பு நிறச் சர்பத் வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீரும் கூடாது.

இரும்பு மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டும், குடல் சுவரில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். சோகைக்காகத்தான் இந்தப் பரிசோதனைக்கே வருகிறார், அதனால் இதை மறந்துவிடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கு எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளி பட்டினியோடு வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் வழியிலேயே மயங்குவார். அளவை முன்னாலேயே குறைத்து எழுதி வாங்க வேண்டும்.

குடலைச் சுத்தம் செய்யப் பரவலாகக் கிடைக்கும் பேதி மருந்தான பாலிஎதிலீன் கிளைக்கால் பொட்டலம் 2 லிட்டர் தண்ணீருக்கானது. அதை அரை லிட்டரில் கரைத்துக் குடித்துவிட்டு மேலே தண்ணீர் குடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். கூடாது. உப்பின் விகிதத்தை அந்த இரண்டு லிட்டருக்குத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். குளிரவைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர். பாதி முந்தைய மாலை, பாதி பரிசோதனை அன்று விடியலில். முழுவதையும் இரவே குடித்தால் காலைக்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீர் இறங்கி வலப்பக்கக் குடலை மூடிவிடும், ரத்தம் தெரியாமல் கசிகிற அதே பக்கம். கடைசி மடக்கு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு முடிந்திருக்க வேண்டும், மயக்க மருத்துவர் இன்னும் கூடுதலாகக் கேட்டால் அதுவே முடிவு.

இப்போது பஸ் கணக்கு. கொல்லங்கோட்டிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ வருகிறவருக்குக் காலை எட்டு மணிக்கு நேரம் கொடுத்தால், அவர் விடியல் மருந்தைக் குடித்துவிட்டு பஸ்ஸில் உட்கார முடியாது. குடிக்காமல் வருவார். பதினொன்றரைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தால், நாலரைக்குத் தொடங்கி ஆறுக்கு முடித்து, எட்டரைக்குப் புறப்படலாம். நேரத்தை மாற்ற ஒரு போன் போதும். தெளிந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கடைசியாகப் போவது வெளிர்மஞ்சள் தண்ணீராக, அடி தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் வந்ததும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

முடிந்த பிறகு, பாலிப் எடுத்தவர்களுக்கு இரண்டு வாரம் வரை ரத்தம் வரலாம் என்று எச்சரிக்க வேண்டும். வயிறு உப்பி, வலி கூடி, காய்ச்சல் வந்தால் "கேஸ்" என்று வீட்டில் இருக்கக் கூடாது. குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான், ஆனால் விழுந்தால் மணிக்கணக்கு முக்கியம். பயாப்சி முடிவு வாங்க வராதவர்கள் ஏராளம். ஒன்றிரண்டு சின்ன அடினோமா என்றால் அடுத்த பரிசோதனை ஏழு முதல் பத்து வருடத்தில், ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் மூன்று வருடத்தில். இந்த வருடக் கணக்கை அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மாவட்டத்துச் செவிலியர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இங்கிலாந்தில் வேலை பார்க்கிறவருக்கு ஐம்பது வயதானால் ஃபிட் குப்பி தபாலில் வீடு தேடி வரும், 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒன்று. மார்த்தாண்டத்தில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு எந்தத் தபாலும் வராது. வாரம் ஒருமுறை வீடியோ காலில் பேசுகிறவர், "அம்மா, வெளிக்கிப் போறது எப்படி இருக்கு?" என்று கேட்டால் அம்மா முதலில் சிரிப்பார். இரண்டாவது முறை கேட்டால் பதில் சொல்வார்.

இங்கே இருக்கிற செவிலியருக்குக் கையில் உள்ளது பரிந்துரைச் சீட்டு. குழித்துறையிலிருந்தோ பத்மநாபபுரத்திலிருந்தோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பும்போது "மலத்தில் ரத்தம்" என்று இரண்டு சொல்லோடு நிறுத்தினால், அங்கேயும் மூலம் என்றே தொடங்கும். "எட்டு வாரமாக மலத்தோடு கலந்து ரத்தம், சளி, திரும்பத் திரும்பப் போக வேண்டிய உணர்வு, ஹீமோகுளோபின் 8.4, விரல் பரிசோதனை செய்யப்பட்டது, கட்டி தட்டுப்படவில்லை, அண்ணனுக்கு 44 வயதில் பெருங்குடல் அறுவை" என்று எழுதினால் அந்தச் சீட்டு வரிசையில் மேலே போகும். கீழே நோயாளியின் போன் நம்பர், கூடவே மகன் அல்லது மகளின் நம்பர். இரண்டு வாரம் கழித்து அந்த நம்பரை அழைத்து, "போனீங்களா?" என்று கேட்காமல், "கொலோனோஸ்கோப்பிக்கு எந்தத் தேதி கொடுத்தாங்க?" என்று கேட்க வேண்டும். போகவில்லை என்றால் தேதி இருக்காது.